சுருட்டு மாலை

பால்சாமியின் கை அடிக்கடி வலது காதுக்குப் போகும். காது மடலுக்கு மேலே இரண்டு விரல்களால் தடவிப் பார்ப்பார். அங்கே ஒன்றும் இருக்காது. கையை இறக்கி வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடியும் கட்டையை அடுக்கத் தொடங்குவார். முன்பெல்லாம் அந்த இடத்தில் ஒரு பீடி இருக்கும். பம்புசெட்டில் குளிக்கப் போனால் அதை எடுத்துச் சுவர்மேல் வைத்துவிட்டுத்தான் தொட்டிக்குள் இறங்குவார். தலை துவட்டியதும் முதலில் காதுக்கு ஏறுவது அதுதான். சட்டை அதற்கப்புறம்.

பீடியை விட்டு மழைக்காலம் போய், பனி போய், வெயில் திரும்பிவிட்டது. கைக்கு மட்டும் அது தெரியவில்லை.

அவராக விடவில்லை. போன புரட்டாசியில் இடது காலின் இரண்டாவது விரல் நுனி கறுத்தது. கரிமூட்டம் போடுகிறவருக்கு விரல் கறுத்தால் யார் கண்டுபிடிப்பது? சீமைக்கருவேல மரத்தை வெட்டி, அடுக்கி, மண் பூசி, தீ வைத்து, வெந்த கரியைப் பிரித்து மூட்டை கட்டுகிறவர். அவர் வீட்டு வாசல்படியும் தலையணையும்கூடக் கறுப்புத்தான். கரி ஏறிவிட்டது என்று நினைத்து விரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். சந்தனம்மாள் தேங்காய் நாரில் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். நாள் போகப்போகக் கறுப்பு மேலே ஏறியது. நாலு எட்டு நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்தது. கடைசியில் புருசனும் பெண்டாட்டியும் மதுரைக்குப் பஸ் ஏறினார்கள். ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துவிட்டார்கள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கட்டிலருகே நின்று கேட்டாள்.

"பீடி எத்தனை குடிப்பீங்க?"

"வேலையப் பொறுத்தும்மா. வேலை கூடுனா கூடும்."

"இனிமே ஒண்ணுகூடக் கூடாது. கொறைச்சுக்கிறேன்னு மட்டும் சொல்லாதீங்க. புகையிலை உள்ள போனா உங்க கால் ரத்தக்குழாய் சுருங்கிப்போகுது. இப்ப விரல். அடுத்து பாதம். அப்புறம் முழங்கால்."

"சுருட்டு?"

"பீடி, சிகரெட்டு, சுருட்டு, மூக்குப்பொடி எல்லாம் ஒண்ணுதான். எதுவும் கூடாது."

கரிமூட்டத்துப் புகையைப் பற்றி அவர் கேட்கவில்லை. "கேட்டா அதையும் விடச் சொல்லும் அந்தப் பிள்ள. பெறகு கஞ்சிக்கு எங்க போறது?" என்று பிறகு சந்தனம்மாளிடம் சொன்னார்.

பக்கத்துக் கட்டிலில் ஒருவன் கிடந்தான். அவருடைய வயசுதான் இருக்கும். அவன் போர்வை முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. சந்தனம்மாள் அதைப் பார்த்துவிட்டு வராந்தாவுக்கு ஓடினாள். ஊர் இருக்கும் திசை எது என்று அங்கே பெருக்கிக்கொண்டிருந்தவளிடம் கேட்டு, தெற்கே திரும்பிக் கும்பிட்டாள்.

"கம்மாக்கரைக் கருப்பா, இந்த மனுசன் பீடிய விட்டுறணும். மிச்சக் கால எனக்குக் குடுத்துரு. இந்தப் பங்குனிக்கு ஒனக்குச் சுருட்டு மாலை சாத்துறேன்."

அந்தக் கும்பிடு பிறகு என்ன செய்யப் போகிறது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

விட்ட புதிதில் பால்சாமி வீட்டில் யாரோடும் பேசவில்லை. பேசினால் சண்டை வந்தது. சோற்றில் உப்பு என்றார், குழம்பில் உறைப்பு என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதே கைதான் உப்புப் போடுகிறது. நாக்கில் படிந்திருந்த புகை கழன்றதும், அவருக்கு இப்போதுதான் அந்தச் சமையலின் ருசி தெரிகிறது என்பது இரண்டு பேருக்கும் விளங்க நாளாயிற்று. சந்தனம்மாள் உப்பைக் குறைத்தாள். வாய் சும்மா இருக்க முடியாமல் தவித்தபோது புளியங்கொட்டையை வறுத்து இடுப்பில் கட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அருப்புக்கோட்டைக்குப் போனால் காராச்சேவு வாங்கி வருவாள். அவர் அதைச் சாப்பிடுவதில்லை, ஒவ்வொன்றாக உதட்டில் வைத்துக்கொண்டிருப்பார். டீயையும் விட்டார். டீ குடித்த வாய் பீடி கேட்கும். டீயை விட்டதும் பந்தல்குடி ரோட்டில் இருக்கும் டீக்கடைக்குப் போக வேலையில்லாமல் போயிற்று. டீக்கடைக்குப் போகாததால் யார் வீட்டில் என்ன நடந்தது, எந்தக் காட்டை எவன் வெட்டக் கொடுக்கிறான் என்பதெல்லாம் அவருக்குக் கடைசியாகத்தான் தெரிய வந்தது.

வேலையிடத்தில் அது வேறு மாதிரி இருந்தது. வெட்டுக்காரர்கள் வெயில் ஏறியதும் அரிவாளைக் கொத்திவிட்டுப் பீடி குடிக்க உட்காருவார்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பீடி குடிப்பவன் பீடி குடிக்கிறான், அவ்வளவுதான். பீடி இல்லாமல் பால்சாமி உட்கார்ந்தால், "என்ன பால்சாமி, சும்மா உக்காந்துட்டே?" என்று காட்டுக்காரர் கேட்டார். அதிலிருந்து அவர் உட்காருவதில்லை. மற்றவர்கள் குடித்து முடிக்கும்வரை மூட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்.

மூட்டத்துக்கும் பீடிதான் கடிகாரமாக இருந்தது. அடுக்கிய கட்டையின்மேல் வைக்கோலும் தழையும் போட்டு, ஈரமண் பூசித் தீ வைத்த பிறகு, அடியில் காற்றுக்குத் துளை திறக்க வேண்டும். ஒரு பீடி நேரம் பொறுத்துப் புகையைப் பார்க்க வேண்டும். வெள்ளையாக வந்தால் கட்டையில் ஈரம் இருக்கிறது. நீலம் பாய்ந்தால் வெந்துவிட்டது, துளையை அடைக்க வேண்டும். பொறுக்கும் அந்த நேரத்தை இப்போது எதைக் கொண்டு அளப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சீக்கிரம் அடைத்தார், இல்லையென்றால் தாமதித்தார். மார்கழியில் ஒரு மூட்டம் பாதி சாம்பலாகிவிட்டது.

கூட வேலை செய்கிற சின்னத்துரை சந்தனம்மாளுக்குச் சித்தப்பா மகன். பால்சாமியோடு ஒரே தீக்குச்சியில் பீடி பற்றவைத்துப் பழகியவன்.

"மச்சான், அந்தப் பக்கம் போய்க் குடிச்சுட்டு வாரேன்."

"இங்கனயே குடிடா. எனக்கென்ன."

"வேணாம் மச்சான். அக்கா கொன்னுபோடும். போன வாரம் என் சட்டைய மோந்து பாத்துச்சு."

"ஒன் சட்டைய அவ எதுக்கு மோந்து பாக்குறா?"

"நான் விட்ட பொகை ஒங்க மேல பட்டுச்சான்னு பாக்குதாம். போலீஸ் நாய்கூட இப்படி மோக்காது மச்சான்."

பால்சாமி சிரித்தார். சின்னத்துரை காட்டோரக் கரையைத் தாண்டிப் போய்விட்டான். அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் போனார்கள். அவருக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் போனார்கள். கரைக்கு அந்தப் பக்கமிருந்து தீக்குச்சி உரசும் சத்தமும், பேச்சும், சிரிப்பும் வந்தன. என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. இந்தப் பக்கம் கூழ்வாளியும் வெங்காயமும் பால்சாமியும் இருந்தார்கள். தூத்துக்குடி ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

மாசி முடியும்போது கோட்டைச்சாமி வீட்டுக்கு வந்தார். பால்சாமிக்கு அண்ணன் முறை. கண்மாய்க்கரைக் கருப்பசாமி கோயில் சாவி அவரிடம்தான் இருக்கிறது. சின்னத்துரையும் அன்று வாசலில் உட்கார்ந்து காராச்சேவைக் காலி செய்துகொண்டிருந்தான்.

"வாங்க மாமா" என்று சந்தனம்மாள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"கால் எப்படிடா இருக்கு?"

"இருக்குண்ணே."

"இருந்தாச் சரி. பங்குனி ரெண்டாஞ் செவ்வா காப்புக் கட்டு. மூணாஞ் செவ்வா பொங்கல். கொட்டுக்காரவுகளுக்குச் சொல்லியாச்சு. நீ வெரதத்த ஆரம்பிச்சுரு. காப்புக் கட்டுனா ஊரெல்லை தாண்டக்கூடாது, ஒனக்குச் சொல்லணுமா. மூட்டம் எல்லைக்கு வெளியதான கெடக்கு, அதுக்குள்ள பிரிச்சுரு."

கருப்பசாமிக்கு ஆடுவது பால்சாமிதான். அவருக்கு முன்னால் ஆடியது அவருடைய அய்யா, அய்யாவுக்கு முன்னால் அவருடைய அய்யா. பொங்கலன்று உச்சிப்பொழுதில் உறுமி முழங்கும்போது சாமி அவர்மேல் இறங்கும்.

சந்தனம்மாள் முந்தானையைச் சரி செய்துகொண்டாள்.

"மாமா, எனக்கும் ஒரு நேத்திக்கடன் இருக்கு. சுருட்டு மாலை சாத்தணும்."

"நல்லதாப் போச்சு. சாத்து."

"சுருட்டு மாலையா?" சின்னத்துரை சேவு வாயோடு நிமிர்ந்தான். "எதுக்குக்கா?"

"ஒங்க மச்சான் பீடிய விட்டதுக்குத்தான். ஆஸ்பத்திரியில வேண்டிக்கிட்டேன்."

"மால சாத்துனா அதுல ஒண்ண உருவிப் பத்தவச்சு சாமியாடி கையில குடுப்பாகல்ல?"

"ஆமா. சாமி அத வாங்கிக் குடிச்சாத்தான கடன் தீரும்."

"சாமியாடி யாருக்கா?"

சந்தனம்மாள் திரும்பிப் புருசனைப் பார்த்தாள். சின்னத்துரை சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"எனக்கு அந்த நேரத்துல அது தோணல" என்றாள். "கருப்புக்கு என்ன பிடிக்கும்னு மட்டுந்தான் நெனச்சேன். வாயில அது வந்துருச்சு."

"இதுல என்னத்தா இருக்கு?" என்றார் கோட்டைச்சாமி. "குடிக்கிறது இவனா? சாமி குடிக்குது. பொகை சாமிக்குப் போகும். ஒடம்புல ஒட்டாது."

"சாமி மலையேறுனப்பெறகு இருமுறது யாருண்ணே?" என்று பால்சாமி கேட்டார்.

"ஏலே, வருசத்துக்கு ஒரு சுருட்டு. அதுக்கா கால் போயிரும்?"

"கொறைச்சுக்கிறேன்னு சொல்லாதன்னு அந்தப் பிள்ள சொல்லியிருக்குண்ணே."

"சாமிகிட்டப் போய் டாக்டர் சீட்டு காட்டுவியா?"

"சுருட்டு இல்லாம ஆடுறேன்."

"கருப்பு சுருட்டு கேக்காம என்னைக்குடா ஆடியிருக்கு? மால கழுத்துல தொங்குது, சாமி கையால தொடல. ஊரு என்ன சொல்லும்? சாமி வரல, பால்சாமி நடிக்கிறான்னு சொல்லும்." கோட்டைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏலலைன்னா ஏலலைன்னு சொல்லிரு. ஏம்மகன் சதீசுக்கு ரெண்டு வருசமாவே கொட்டுச் சத்தம் கேட்டா ஒடம்பு நடுங்குது. நான்தான் அடக்கி வச்சிருக்கேன். ஒங்க அய்யா ஆடுன எடம், ஒன்னத் தாண்டிப் போகக்கூடாதுன்னு."

சதீஸ்குமார் ரெட்டியபட்டி ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். நல்ல பையன்தான். ஒரு தடவை இடம் மாறினால் சாமி திரும்பி வராது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

பால்சாமிக்கு வருசத்தில் அந்த ஒரு நாள்தான் இருந்தது. மற்ற நாட்களில் அவர் தெருவில் நடந்தால் கரி ஒட்டிவிடும் என்று வெள்ளைச் சட்டைக்காரர்கள் விலகிப் போவார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாகவே வரும். பொங்கலன்று மட்டும் கச்சை கட்டி, சலங்கை கட்டி, அரிவாளோடு அவர் நின்றால் ஊர் அவர் காலடியில் விழும். காட்டுக்காரர் விழுவார். பஞ்சுக் கமிசன் கடைக்காரர் விழுவார். பிள்ளை இல்லாதவள் அழுவாள். அவர் கை வைத்த நெற்றியைத் துடைக்காமல் மூன்று நாள் வைத்திருப்பார்கள்.

அன்று மாலை சந்தனம்மாள் வாசலில் குதிரைவாலி புடைத்துக்கொண்டிருந்தாள். பால்சாமி படியில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார். விரல் இருந்த இடத்தைச் சுற்றிலும் அவர் தடவிக்கொண்டிருந்தார்.

"வேற நேத்தியா மாத்திக்கிற முடியாதா?" என்று கேட்டார். "ஒரு கெடா, ஒரு சேவலு."

"வாய்விட்டுச் சொன்னது. சொன்ன சொல்ல மாத்துனா அதுக்கும் சேத்துக் கால்ல வந்து விடியும்."

"சாத்துனாலும் கால்தான் போகுது."

"அதத்தான் நானும் நெனைக்கிறேன்." முறத்தைத் தட்டினாள். உமி பறந்தது. "மாமா சொல்றாப்ல, சாமி குடிச்சா ஒட்டாதோ என்னமோ. ஒங்களுக்கு அந்நேரம் நெனப்பு இருக்குமா, இருக்காதா? நீங்களே சொல்லுங்க."

பால்சாமி காலை மடக்கிக்கொண்டார்.

"சாமி எப்ப வருது, எப்பப் போகுதுன்னு எனக்குத் தெரியாது. என்ன சொன்னேன்னு தெரியாது. யாரு கால்ல விழுந்தாகன்னு தெரியாது, நீதான் பெறகு சொல்லுவ. ஆனா அந்தச் சுருட்டு மணம் மட்டும் எனக்குத் தெரியும். மொத இழுப்பு நெஞ்சுல எறங்குறது தெரியும். அது எனக்குத்தான் தெரியுது சந்தனம். சாமிக்கில்ல."

"மறுநா?"

"மறுநா பீடி. வேறென்ன?"

அவள் புடைப்பதை நிறுத்தினாள். தெருவில் ஆடுகள் திரும்பிக்கொண்டிருந்தன.

"நான் வேணா கருப்புகிட்டப் போய்ச் சொல்லிப் பாக்கவா?"

"என்னன்னு?"

"தெரியாமச் சொல்லிட்டேன்னு."

"அதுக்குத் தெரியாமலா இருக்கும்" என்றார்.

அவர் விரதம் இருந்தார். கோட்டைச்சாமியிடம் ஆடுவேன் என்றும் சொல்லவில்லை, ஆடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பகலில் புது மூட்டம் அடுக்கினார். பெரிய மூட்டம். தூரோடு பிடுங்கிய கட்டைகளாகத் தேடித் தேடி அடுக்கினார். தூர்க்கட்டை வேக நாள் பிடிக்கும்.

"பொங்கல் கழிச்சுத்தான பத்தவைக்கப் போறோம்?" என்று சின்னத்துரை கேட்டான். "இப்பவே மண்ணு பூசுனா வெடிச்சுப்போகும் மச்சான்."

"பூசுடா."

காப்புக்கு முந்தின நாள் காலையில் பால்சாமி மூட்டத்துக்குத் தீ வைத்தார். முன்பு மூட்டத்துக்கு வைக்கும் தீக்குச்சியிலேயே பீடியும் பற்றும். அன்று குச்சி கைவரை எரிந்து வந்தது. உதறிப் போட்டார்.

சின்னத்துரை ஓடி வந்தான். "மச்சான், என்ன பண்றீக? நாளைக்குக் காப்பு. பத்தவச்ச மூட்டத்த விட்டுட்டு எப்படிப் போவீக?"

"போக முடியாது."

"நான் காவல் இருக்கேன். நீங்க போங்க."

"நீ தூங்கிருவ."

சின்னத்துரை புகையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். கை பாக்கெட்டில் இருந்த பீடிக்கட்டுக்குப் போனது. எடுக்காமல் கையை வெளியே இழுத்துக்கொண்டான்.

"ஊருக்கு என்ன சொல்றது?"

"மூட்டம் எரியுதுன்னு சொல்லு. அதான நெசம்."

ஊரிலிருந்து பார்த்தால் கருவேலங்காட்டுக்கு மேலே புகை தெரியும். தண்ணீர்க் குழாயடியில் நின்ற சந்தனம்மாள் அதைப் பார்த்தாள். வெள்ளைப் புகை, நேராக எழுந்து கிழக்கே சாய்ந்தது. அவள் குடத்தை நிரம்பவிட்டு, வழியவிட்டு, பின்னால் நின்றவள் சத்தம் போட்ட பிறகு தூக்கினாள். மறுநாள் கண்மாய்க்கரையில் காப்பு சதீஸ்குமாருக்குக் கட்டினார்கள்.

அந்த வாரம் பால்சாமி வீட்டுக்கு வரவில்லை. சந்தனம்மாள் காலையில் கூழும் பொழுது சாய்ந்தபின் சோறும் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். இரண்டு பேரும் புகையைப் பற்றிப் பேசினார்கள், மண் வெடித்ததைப் பற்றிப் பேசினார்கள். கோயிலைப் பற்றிப் பேசவில்லை. பொங்கலுக்கு முந்தின நாள் அருப்புக்கோட்டைக்குப் போய்ச் சுருட்டு வாங்கி வந்தாள். தனியாக உட்கார்ந்து வாழைநாரில் ஒவ்வொன்றாக வைத்துக் கட்டினாள். கல்யாணமாகி விருதுநகரில் இருக்கும் மகள் காளீஸ்வரி போன் செய்தாள்.

"அப்பா ஆடலையாம்ல? ஊரே பேசுதாம். ஏம்மா?"

"மூட்டம் எரியுதுடி."

"என்னைக்குமில்லாம பொங்கலுக்கா மூட்டம்?"

"ஆமா."

"நீ என்ன பண்ற?"

"பூக்கட்டுறேன்."

விரலெல்லாம் புகையிலை வாடை ஏறியிருந்தது. மாலையை ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். அன்று சோறு கொண்டுபோகும்போது வாளியைத் துணியால் பிடித்துக்கொண்டு போனாள். அவருக்குப் பக்கத்தில் போகாமல் தள்ளியே வைத்துவிட்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை வெட்டு வேலை இல்லை. காட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. பால்சாமி விடியும்போதே குளித்துவிட்டார். மூட்டம் பாதி அமுங்கியிருந்தது. வடக்குப் பக்கம் புகை நீலமாகிவிட்டது, தெற்கில் இன்னும் வெள்ளை. துளைகளை அடைப்பதும் திறப்பதுமாக இருந்தார். வெயில் ஏற ஏறக் கானல் ஓடியது. உச்சிப்பொழுதுக்குக் காற்று திசை மாறி, கண்மாய்ப் பக்கமிருந்து வீசியது. காற்றோடு உறுமிச் சத்தம் வந்தது.

முதலில் அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மண் அள்ளிப் போட்டார். மூட்டத்தில் வெடிப்பு இல்லாத இடத்திலும் போட்டார். உறுமி நின்று, கொட்டு ஏறி, மறுபடி உறுமி இழுத்தது. அந்த இழுப்பு எதற்கு என்று அவருக்குத் தெரியும். சாமியை அழைக்கும் அடி அது. இல்லாத விரலில்தான் முதலில் தொடங்கியது. விரல் இருந்த இடம் குறுகுறுத்தது, பிறகு பாதம், பிறகு தொடை. உடம்பு வேர்த்துக் குளிர்ந்தது. மண்வெட்டி கையிலிருந்து விழுந்தது. சுற்றிலும் மூட்டத்துப் புகைதான் இருந்தது, ஆனால் அவருக்குச் சுருட்டு மணத்தது.

மூட்டத்தின்மேல் கால் வைத்தால் உள்ளே இறங்கிவிடும். உள்ளே முழுக்க நெருப்பு. இன்னும் நெனப்பு இருக்கும்போதே நாலு எட்டில் ஓடி, தனியாக நின்ற பனைமரத்தை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்தார். பிடித்த பிடியில் பனை அதிர்ந்தது. மேலே காய்ந்த ஓலைகள் சலசலத்தன. அவருக்குத் திருநீறு எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. காலில் விழ ஆள் இல்லை. அவர் வாயிலிருந்து வந்த குரலைக் கேட்கவும் ஆள் இல்லை. ரோட்டில் ஒரு லாரி ஆரனை அடித்துக்கொண்டு போனது.

வெயில் தாழ்ந்த பிறகு சந்தனம்மாள் வந்தாள். தூக்குவாளியில் பொங்கல், மடியில் திருநீற்றுப் பொட்டலம். பால்சாமி பனையடியில் உட்கார்ந்திருந்தார். சட்டை போட்டிருந்தார். மூட்டத்துப் பக்கத்தில் அவர் சட்டை போட்டு அவள் பார்த்ததில்லை.

"யாரு மேல எறங்குச்சு?" என்று கேட்டார்.

"சதீசு மேலதான். லேசுல எறங்கல. கொட்டுக்காரவுக கை சலிச்சுப்போச்சு."

"சுருட்டு?"

"என் மாலையில இருந்துதான் உருவிக் குடுத்தாக. ரெண்டு இழுப்புக்கு இருமல் வந்துருச்சு."

"சாமிக்கா?"

"சதீசுக்கு. கண்ணுல தண்ணி. மாமா முதுகுல தட்டுறாரு."

பால்சாமி சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

"பெறகு?"

"ஒங்கடன் தீந்துச்சு போன்னு சொல்லுச்சு. திருநீறு பூசுச்சு."

"ஊரு கால்ல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"காட்டுக்காரரு?"

"அவரும்தான்."

கொஞ்சநேரம் பொங்கலைப் பிசைந்துகொண்டிருந்தார். "பால்சாமி எங்கன்னு யாரும் கேட்டாகளா?"

"கேட்டாக" என்றாள் சந்தனம்மாள். வாளி மூடியைத் திருகித் திருகி மூடினாள். அந்த மூடிக்குத் திருகு கிடையாது.

அவர் கையைக் கழுவினார். தண்ணீர் குடிக்கக் குனிந்தபோது சட்டை விலகியது. நெஞ்சு முழுக்கக் கீறல். உள்ளங்கையிலும் பனஞ்சிராய் ஏறியிருந்தது. அவள் சட்டையைப் பிடித்து விலக்கிப் பார்த்தாள். அண்ணாந்து பனையைப் பார்த்தாள்.

"இங்கயும் வந்துச்சு" என்றார் பால்சாமி.

அவள் கீழே உட்கார்ந்தாள்.

"என்ன கேட்டுச்சு?"

"எப்பவும் கேக்குறதுதான்."

"நீங்க என்ன சொன்னீக?"

"இல்லைன்னேன்."

"கோவிச்சுக்கிருச்சா?"

"தெரியல. கொஞ்சநேரம் நின்னுச்சு. பெறகு போயிருச்சு."

சந்தனம்மாள் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தாள். அவருக்குப் பூசிவிடத்தான் கொண்டுவந்திருந்தாள். பூசாமல் அதை அவர் முன்னால் நீட்டினாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முள்ளும் கரித்தூளுமாய்க் கிடந்த தரையில் விழுந்து கும்பிட்டாள். எழுந்து நெற்றியைக் காட்டினாள்.

"அங்க பூசியாச்சுல்ல?" என்றார்.

"இங்கயும் வந்துச்சுன்னீகள்ல. பூசுங்க."

அவர் பொட்டலத்தில் விரல் வைத்தார். கரி ஒட்டிய விரலால் திருநீற்றைத் தொட்டதால் அது சாம்பல் நிறமாகத்தான் அவள் நெற்றியில் விழுந்தது.

ஆடு கட்ட வேண்டும் என்று அவள் எழுந்து போனாள். வண்டிப்பாதை திரும்பும் இடம்வரை அவள் தலை தெரிந்தது. கண்மாய்ப் பக்கம் இப்போது சத்தம் இல்லை. பால்சாமி தெற்குத் துளையில் புகையைப் பார்த்தார். வெள்ளைதான், ஓரத்தில் லேசாக நீலம் தட்டியது. கொஞ்சம் பொறுக்க வேண்டும். கை காதுக்குப் போனது. காது மடலுக்கு மேலே இரண்டு விரல்களும் தடவிப் பார்த்தன.

அவர் புளியங்கொட்டை ஒன்றை வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டார். அது ஊறி மெல்லும் பதத்துக்கு வருவதற்குள் புகை நீலமாகிவிடும். மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மூட்டத்துக்கு எதிரே உட்கார்ந்தார்.